விளக்கு இடம் மாறிய வாரம்

– கடைசித் தபா சொல்றேன் பாய், இஞ்சினை நிறுத்து. குறுக்க நிக்கிறது என் போட்டு. இடிச்சா ரெண்டும்தான் ஒடையும்.

– நிறுத்திட்டேன் வைரவா, கத்தாதே. இந்தப் பனியில எதிர்ல வர்றது யாருன்னே தெரியல. கொள்ளைக்காரன்னு நெனச்சுட்டேன்.

– அடையாறு முகத்துக்கு நேரா கொள்ளையடிக்க இன்னா கீது? சாக்கடைத் தண்ணியா?

– சரி, நிறுத்தியாச்சு. என்ன வேணும் உனக்கு?

– ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைல குந்திக்கினு இஞ்சினைக் கயட்டி மாட்டுற ஆளு நீ. ஷரஃபுதீன் பாயி தானே போட்டு ஓட்டிக்கினு கடலுக்கு வந்தாருன்னு சொன்னா நொச்சிக்குப்பத்துல ஒருத்தன் நம்ப மாட்டான். இங்க இன்னா வேலை?

– மீன் பிடிக்க வந்தேன்.

– இன்னாது?

– மீனு. ஏன், எங்க வீட்டுல மீன் சாப்பிட மாட்டமா?

– துன்னுவீங்க. எங்க பொம்பளைங்ககிட்ட அரை மணி நேரம் பேரம் பேசி, வாங்கிக்கினு போய்த் துன்னுவீங்க.

– நீ எதுக்கு வந்தே, அதைச் சொல்லு.

– மீனுக்குத்தான்.

– அரே, உன் வலை சுருட்டுன மேனிக்கு அப்படியே கிடக்கு. மேல உப்பு பூத்திருக்கு. வாரம் பூரா நனையாத வலை அது.

– இனிமேதான் போடணும்.

– தனியாவா? வலையை இழுக்க நாலு ஆளு வேணாமா? என்னைக் கூப்பிடலாம்னு வந்தியா?

– உன் போட்டுல மட்டும் இன்னா, கல்யாண ஊர்வலமா கீது? நீயும் ஒத்தையாத்தான் வந்துகீறே.

– நான் தூண்டில் போட வந்தேன். அதுக்கு ஒரு ஆள் போதும்.

– தூண்டிலைக் காட்டு.

– காட்டச் சொல்றதுக்கு நீ என்ன சர்க்கார் ஆபீசரா?

– டபாய்க்காதே பாய். நீ நம்ம போட்டைத் தேடிக்கினு வந்தே.

– நம்ம போட்டுன்னு இன்னைக்குத்தான் உன் வாயில வருது. மத்த நாள்ல, ‘கட்டை என்னுது, பாயோடது வெறும் இஞ்சின்தான்’னு காசிமேடு பூரா சொல்லிக்கிட்டு இருப்பே.

– கட்டை என்னுதுதான். இஞ்சின் உன்னுதுதான். ரெண்டும் சேர்ந்து காணாப் போய் நாலு நாளாச்சு. என் தம்பி ராஜரத்தினம் அதுல கீறான். உன் அக்கா புள்ள இனாயத்து அதுல கீறான். அதை வுட்டுட்டு ரெண்டு பெரிய மனுசங்க நடுக் கடல்ல மீனு, தூண்டிலுன்னு கதை வுட்டுக்கினுகீறோம்.

– சரி. தேடித்தான் வந்தேன். நீயும் அதுக்குத்தான் வந்தே. இதுல சண்டை எதுக்கு? ஆளுக்கொரு பக்கம் போவோம். நீ வடக்கே போ.

– வடக்கே சர்க்கார் லாஞ்சு தேடிக்கினு இருந்துச்சு. எண்ணூருக்கு அப்பால பலகை மெதந்துச்சுன்னு சேதி.

– யார் சொன்ன சேதி?

– சொன்னாங்க.

– நீ சொன்னே. ஐஸ் கடை சிதம்பரநாதன் என்கிட்டயே சொன்னான், எண்ணூர் சேதியைக் கொண்டாந்தது வைரவன்தான்னு. நீ எண்ணூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. அந்த நேரத்துல நீ சாந்தோம் கரையில நின்னதை நான் பார்த்தேன்.

– நீ மட்டும் ஒயுங்கா? கோவளத்துக்குத் தெக்கே போட்டு மாதிரி ஒண்ணு கவுந்து கெடக்குதுன்னு கட்டுமரக்காரனுங்க அத்தினி பேரும் ஓடுனானுங்களே. ரெண்டு நாள் அங்க போய்த் துயாவிட்டு வெறுங்கையோட வந்தானுங்க. அந்தப் புளுகை அவுத்துவுட்டது யாரு?

– நான்தான்.

– பாத்தியா!

– பார்த்துட்டேன். நீ வடக்கே பொய் சொன்னே, நான் தெக்கே பொய் சொன்னேன். எல்லாரையும் ரெண்டு பக்கமும் துரத்திட்டு நடுவுல நாம ரெண்டு பேர் வந்து நிக்கிறோம்.

– இங்கதான்னு உனக்கு எப்டித் தெரியும்?

– உனக்கு எப்படித் தெரிஞ்சுதோ அப்படித்தான். கலங்கரை வெளக்கு.

– சொல்லு, கேப்போம். நீ சொல்றது சரியான்னு பாக்கறேன்.

– பொங்கலுக்கு முன்னாடி ஹைகோர்ட்டு வெளக்கை நிறுத்திட்டு மெரினாவுல புதுசா கட்டின கோபுரத்துல ஏத்தினாங்க. பசங்க அதுக்கு முன்னாலயே பழவேற்காட்டுக்குப் போய்ட்டாங்க. அவங்களுக்கு யார் சொல்லுவா? திரும்பி வந்த ராத்திரி பனி. கரையில வேற எதுவும் தெரிஞ்சிருக்காது. வெளிச்சம் ஒண்ணு சுத்துறது மட்டும் தெரிஞ்சிருக்கும். உன் தம்பி அதை ஹைகோர்ட்டு வெளக்குன்னு நெனச்சு, எப்பவும் போல இடது கைப் பக்கம் வச்சுக்கிட்டு ஹார்பரைத் தேடி உள்ளே வந்திருப்பான்.

– ஹார்பர் இருக்க வேண்டிய எடத்துல திருவல்லிக்கேணி மணலு. அலை சத்தம் கிட்டக்க வந்தப்பால மெரண்டு போட்டைத் திருப்பியிருப்பான்.

– திருப்பின வேகத்துல இஞ்சின் நின்னிருக்கும். அது ஒரு தடவை நின்னா மறுபடி கிளப்பறது கஷ்டம். என் இஞ்சின், எனக்குத் தெரியும். அப்புறம் தண்ணி இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். இந்த மாசம் தண்ணி தெக்கே இழுக்குது.

– அவனை முட்டாளுன்னு சொல்ற.

– இல்ல வைரவா. முட்டாள் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். சின்ன வயசுலேர்ந்து அந்த ஒரே வெளிச்சத்தைப் பார்த்து வீடு திரும்பினவன்தான் பண்ணுவான். நீயா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பே.

– பண்ணியிருப்பேன். அதான் நானும் அதே கணக்குப் போட்டேன்.

– சரி, இவ்வளவு தெரிஞ்சவன் இதை சர்க்கார் ஆளுங்ககிட்ட ஏன் சொல்லலே?

– நீ ஏன் சொல்லலே?

– நான் முதல்ல கேட்டேன்.

– போட்டை நிறுத்துனவன் நான். நீ சொல்லு.

– ரெண்டு பேரும் இப்படியே நின்னா தண்ணி நம்மளைத் திருவான்மியூருக்குக் கொண்டு போயிடும்.

– போவட்டும். எனக்கு டீசல் கீது.

– எனக்கும் இருக்கு.

– அப்ப நில்லு.

– நிக்கிறேன்.

– தபாரு பாய், நான் உன்னைவுடச் சின்னவன். எங்கப்பன் செத்தப்ப நீதான் வந்து கூட நின்னே. அதனால நான் மொதல்ல சொல்றேன். கேட்டுட்டு என்னை அடிக்கணும்னு தோணிச்சுன்னா அடி. திருப்பி அடிக்க மாட்டேன்.

– சொல்லு.

– பசங்க பழவேற்காட்டுக்குப் போறதுக்கு மிந்தி கரையில அடிச்சிக்கினது உனக்குத் தெரியும்.

– தெரியும். இஞ்சினை ரொம்ப வெரட்டாதேன்னு இனாயத் சொன்னான். ‘நீச்சல் தெரியாத நாயி எனக்குப் புத்தி சொல்லுதா’ன்னு உன் தம்பி இவன் பையைத் தூக்கித் தண்ணியில போட்டான். இவன் ஸ்பேனரால அவன் வாயில அடிச்சான். ஒரு பல்லு போச்சு.

– பல்லு போனது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒண்ணு கீது. பழவேற்காட்டுலேர்ந்து வந்த ஐஸ் வண்டிக்காரன்கிட்ட என் தம்பி எனக்குச் சொல்லியனுப்பினான். ‘அண்ணன்கிட்ட சொல்லு, வரும்போது இனாயத்தைக் கடல்ல எறக்கிவுட்டுட்டுத்தான் வருவேன்’னு.

– நீச்சல் தெரியாதவனையா?

– கோவத்துல சொன்னதுதான்னு நெனச்சேன். அப்பால போட்டு காணாப் போச்சு. அப்பத்துலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது. அவன் செஞ்சுட்டான் பாய். செஞ்சுட்டு கரைக்கு வர பயந்துக்கினு இங்கயே எங்கயோ கெடக்கறான். இதான் நான் நெனச்சது. சர்க்கார் ஆளு மொதல்ல போய் ஏறுனா, ஒருத்தன் இருப்பான், ஒருத்தன் இருக்க மாட்டான். இப்ப எமர்ஜென்சி காலம், உனக்கே தெரியும். உள்ள தள்ளுனா கேக்க நாதி கெடையாது. வக்கீலும் கெடையாது, வாய்தாவும் கெடையாது.

– அதனால எண்ணூர்னு சொன்னே.

– அதனாலதான் சொன்னேன். நான் மொதல்ல போய் அவனைக் கூட்டிக்கினு ராமேஸ்வரம் பக்கம் எங்கயாச்சும் வுட்டுட்டு வந்துடலாம்னு. உன் அக்கா அமீனா பீ மொகத்துல எப்டி முயிக்கிறதுன்னு தெரியல. அவங்களுக்கு ஒரே புள்ள. அதுக்கு நான் இன்னா சொல்ல முடியும்? கால்ல வுயுறேன். ஆனா அவன் என் தம்பி பாய். என் தோள்ல தூக்கி வளத்த புள்ள. அவனை என்கிட்ட வுட்டுடு.

– உன் தம்பி உயிரோட இருக்கான்னு உனக்கு யார் சொன்னா?

– யாரு சொல்லணும்? நானே கேட்டேன்.

– என்ன கேட்டே?

– அவன் கொரலை. நேத்து சாயங்காலம்.

– வைரவா...

– சொல்றேன் இரு. நேத்து சர்க்கார் லாஞ்சு எண்ணூர்ல ஒண்ணும் கெடைக்கலன்னு இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. நான் வயி காட்டுறேன்னு சொல்லி என் போட்டை முன்னால வுட்டுக்கினு வந்தேன். பொயுது சாயுற நேரம். தூரத்துல கறுப்பா, ஒரு பக்கம் சாஞ்சு மெதந்துக்கினு இருந்துச்சு. நம்ம போட்டுதான். எனக்கு அடையாளம் தெரியாதா? லாஞ்சுல நின்னவனுங்க பீடி பத்த வெச்சுக்கினு கரையைப் பாத்துக்கினு இருந்தானுங்க. ஒருத்தனும் பாக்கல.

– நீ என்ன பண்ணினே?

– போட்டைத் திருப்பினேன். இங்க பாறை கீது, லாஞ்சு அடி கியிஞ்சுடும்னு ஒரு கப்சா வுட்டேன். அவனுங்களும் வூட்டுக்குப் போனா போதும்னு திரும்பினானுங்க. அப்பதான் ‘அண்ணே’ன்னு கூவினான்.

– எத்தனை தடவை?

– ரெண்டு தபா. ‘அண்ணே, அண்ணே’ன்னு. அவன் கொரல் எனக்குத் தெரியாதா? அது அவனுங்க காதுல வுயக் கூடாதுன்னு இஞ்சினை முயுசா ஏத்தினேன். அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. ஹார்பர் வரைக்கும் அவனுங்களைக் கொண்டுபோய் வுட்டுட்டுத் திரும்பி வந்தேன். பனி எறங்கிடுச்சு. விடியற வரைக்கும் தேடினேன். இங்கதான் இருந்துச்சு. இதே எடத்துல. இப்போ இல்ல. நீ மட்டும் கீறே.

– நீ வீட்டுக்குப் போ தம்பி.

– இன்னா?

– இன்ஷா அல்லா அப்புறம் பேசுவோம். இப்ப போ. உன் தம்பி பொண்டாட்டி வடிவு காத்துக்கிட்டு இருப்பா.

– வடிவு மூணு நாளா வாயைத் தொறக்கல. வாசல்ல குந்திக்கினு அந்தப் புது வெளக்கையே பாத்துக்கினுகீறா. அவ புருசனை இட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டு வந்துகீறேன். இல்லாம போவ முடியாது. போட்டு எங்க?

– இல்ல.

– இல்லன்னா?

– அடியில இருக்கு. நான்தான் விடியக் காலையில பலகையை ஒடச்சு மூழ்கடிச்சேன்.

– இஞ்சினோடயா?

– இஞ்சினோட.

– நீயா? ஒரு நட்டு கீய வுயுந்தா மண்ணை சலிச்சுத் தேடுற ஆளு நீ. இஞ்சினைக் கடல்ல போட்டியா? யாருக்கிட்ட காது குத்துற?

– சத்தியமா போட்டேன்.

– அப்ப உள்ள இருந்த ஆளு?

– போட்டுல... ஆள் இல்ல.

– நேத்து சாயங்காலம் இருந்தான்!

– காலையில இல்ல.

– உன் தார்ப்பாயிக்கு அடியில இன்னா கீது?

– ஐஸ்.

– தூண்டில் போட வந்தவனுக்கு எதுக்கு அவ்ளோ ஐஸு?

– வாங்கினதுல மிச்சம்.

– ஐஸு இருமுமா பாய்?

– காத்துல தார்ப்பாய் அடிச்சுக்குது.

– காத்து எங்க கீது? பனி அப்படியே நிக்குது. நான் இப்ப உன் போட்டுல தாவப் போறேன். குறுக்க வந்தே, கொக்கியால ஒரே குத்து. ராஜா! டேய் ராஜா! நான்தான்டா, அண்ணன்!

– வைரவா, வேணாம். கொக்கியைக் கீழ போடு. தார்ப்பாயை இழுக்காதே. அவனுக்கு ஜுரம்.

– ... இனாயத்து?

– ஆமா. இனாயத்.

– இனாயத்து! டேய், நீ சாவலியா? பாய், இவன் உயிரோட கீறான்! மாரியாத்தா! அப்ப என் தம்பி இவனைக் கொல்லல. பாய், அவன் கொல்லல! நாலு நாளா நான் அவனைக் கொலைகாரன்னு நெனச்சுக்கினு இருந்தேன். தூ, நானெல்லாம் ஒரு அண்ணன். டேய் இனாயத்து, உதடெல்லாம் வெடிச்சுப் போச்சேடா. எங்கடா ராஜா?

– அண்ணே...

– நீ பேசாதே இனாயத். நான் சொல்றேன். வைரவா, உக்காரு. போட்டு ஆடுது. உக்காந்து கேளு. அன்னைக்கு ராத்திரி மெரினா பக்கம் அலையைப் பார்த்துத் திருப்பினாங்க இல்ல? அப்பவே ராஜரத்தினம் அலையில தவறி விழுந்துட்டான். முதல் ராத்திரியே. இவன் என்ன பண்ணுவான், இவனுக்கு நீச்சல் தெரியாது. நாலு நாளா தனியா மெதந்திருக்கான்.

– மொத ராத்திரியா?

– முதல் ராத்திரி. அலை பெருசு. கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

– பாய், நான் இப்பதான் உன்கிட்ட சொன்னேன். நேத்து அவன் கூவினதைக் கேட்டேன்னு.

– கடல்ல ஆயிரம் சத்தம் கேட்கும் தம்பி.

– கடலா என்னை அண்ணேன்னு கூப்புடும்?

– இனாயத் கத்தியிருப்பான். இவனும் உன்னை அண்ணேன்னுதானே கூப்பிடுறான்.

– இந்தக் கொரலா? இது கூவினா உன் போட்டுலேர்ந்து என் போட்டுக்கே வராது. நேத்து சாயங்காலம் வரைக்கும் என் தம்பி நல்லா இருந்தான். காலையில நீ போனப்ப இவன் மட்டும் இருந்தான். போட்டை ஒடச்சு முயுகடிச்சிருக்கே. இவனை ஒளிச்சு வெச்சிருக்கே. தெக்கே ஓடப் பாத்தே. பல்லு ஒடச்சவன்தானே இவன்? ராத்திரி தூங்குறப்ப மண்டையில போட்டுத் தள்ளிவுட்டானா? டேய், எயுந்திரு. எயுந்து நின்னு என் மொகத்தைப் பாத்து சொல்லு.

– வைரவா, அவனை விடு! கழுத்தை விடு! நான் ஒளிச்சேன், ஒத்துக்கறேன். ஏன்னு கேளு. ரெண்டு பேர் போய் ஒருத்தன் வந்தா ஊர் என்ன சொல்லும்? நீ இப்ப சொன்னதைத்தான் சொல்லும். அந்தப் பயத்துலதான் கோவளம்னு பொய் சொன்னேன், இவனையும் ஒளிச்சேன். இவன் உன் தம்பியை விரலால கூடத் தொடல.

– அப்ப யாரு செஞ்சது? நீ சொல்லு இல்லன்னா இவன் சொல்லட்டும். எவனாச்சும் ஒருத்தன் உண்மையைச் சொல்ற வரைக்கும் இந்தக் கொக்கி கீய போவாது.

– மாமு, நான் சொல்லிடுறேன்.

– வாயை மூடுடா.

– ராஜண்ணன் நல்லா பாத்துக்கினாரு அண்ணே. இருந்த தண்ணியை எனக்குத்தான் குடுத்தாரு. பல்லு போனதுக்கு மன்னிப்புக் கேட்டேன். ‘வுடுடா, இன்னொரு பக்கம் மெல்லுறேன்’னு சிரிச்சாரு. ஐஸ் வண்டிக்காரன்கிட்ட சொல்லியனுப்பினதும் வெளையாட்டுக்குத்தான். அண்ணன் பதறிப் போய் வார்ஃபுலயே நிப்பாருடான்னு சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தாரு.

– எங்க அவன்? அதைச் சொல்லு.

– நேத்து பொயுது சாயறப்ப உங்க போட்டு வந்துச்சு. பின்னால லாஞ்சு. என்னால எழுந்திருக்க முடியல. அவருதான் பாத்தாரு. ‘என் அண்ணன்டா, அண்ணன் வந்துட்டாருடா’ன்னு குதிச்சாரு.

– ஆமா. நான் வந்தேன்.

– இனாயத், போதும். வைரவா, இவனுக்கு ஜுரம், பெனாத்துறான். நான் சொல்றேன் கேளு. நான்தான் காலையில வந்தேன். ராஜரத்தினம் அப்ப உயிரோட இருந்தான். எனக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு. நான்தான் தள்ளினேன். போதுமா? என்னைக் குத்து. வா, குத்து.

– நீயா?

– நான்தான்.

– மாமு, ஏன் மாமு இப்டி...

– இனாயத், உன் அம்மா மேல சத்தியம், வாயைத் தொறக்காதே. நாமதான் தள்ளினோம்னே வைரவன் நெனச்சுக்கட்டும். அதைத் தாங்கிக்கிட்டு அவன் இருந்துடுவான். நீ சொல்லப் போறதோட அவனால இருக்க முடியாது.

– அப்டி இன்னாடா சொல்லப் போற? சொல்லுடா. நான் அவனைப் பாத்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ராத்திரி வந்துடுவேன்னு தெரிஞ்சிருக்கும்ல? அதான் போட்டுல நின்னு அண்ணேன்னு கூவினான். நான் கேட்டேன்டா.

– அது போட்டுலேர்ந்து கூவினது இல்ல அண்ணே. உங்க போட்டுக்குப் பின்னால நீஞ்சிக்கினே, தண்ணியிலேர்ந்து.